மலைப்பள்ளி முனிவரின் வாழ்வை எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமியார்

சென்னை மாநகரின் கடற்கரையில் சாந்தோம் என்று இன்று வழங்கும் பகுதி, முற்காலத்தில் மயிலாப்பூர் என்னும் பட்டினத்தின் கடலோரமாக விளங்கியது. இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர் அங்கே ஓர் ஆலயத்தில் எழுந்தருளியிருந்தார். கடல் பெருகி ஆலயத்துக்கு இடையூறு நேர்ந்தபோது, திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பெற்றது என்பது தமிழ்ச் சமணக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் செய்தி. குணவீர பண்டிதர் தாம் இயற்றிய இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டதும், அவிரோதிநாதர் திருநூற்றந்தாதி பாடியதும் இந்த மயிலைப் பெருமானை உள்ளத்தில் கொண்டே. எனினும் அவ்வாலயத்தின் மதிலோ கோபுரமோ இன்று இல்லை. நேமிநாத சுவாமிக்குக் கொடை அளித்த செய்தியைக் கூறும் சிதைந்த கல்வெட்டுத் துண்டொன்று சாந்தோமில் கிடைத்ததே நேரடியான சான்றாக எஞ்சியுள்ளது.

அவ்வாலயத்தின் நினைவு எஞ்சிய மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, சமணக் குடியில் பிறவாதவராயிருந்தும் தமிழ்நாட்டுச் சமணத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதித் தந்தவர் மயிலை சீனி. வேங்கடசாமியார். ஊர்ப்புறத்தே குன்றுகளிலும் குகைகளிலும் ஒதுங்கி வாழ்ந்த முனிவர்கள் எவ்வாறு உறங்கினர், எவ்வாறு உண்டனர், யாருக்குக் கற்பித்தனர், எவ்வாறு உயிர் நீத்தனர் என்பதைத் தேடித் தொகுத்துத் தமிழ் மக்கள் அனைவரும் அறியச் செய்த பெருமகனார் அவர்.

பிறப்பும் கல்வியும்

வேங்கடசாமியார் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சீனிவாசர் சித்த மருத்துவர், தாயார் தாயாரம்மாள். மருந்துச் சுவடிகளும் தமிழ்ப் பாட்டும் வழங்கிய வீட்டில் இளமை கழிந்தது. தமையனார் கோவிந்தராசனார் தமிழ்ப் புலமை வாய்ந்தவர். மயிலையைப் பாடிய செய்யுள் நூலின் ஆசிரியர். மகாவித்துவான் சண்முகம் பிள்ளை, பண்டிதர் சற்குணர் ஆகியோரிடம் வேங்கடசாமியார் தமிழ் கற்றார்.

ஓவியத்தில் விருப்பம் கொண்டு எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். குடும்பச் சூழ்நிலையால் அப்படிப்பை முடிக்க இயலவில்லை. ஆயினும் அங்கே பெற்ற பயிற்சி வீணாகவில்லை. கல்லில் செதுக்கிய உருவத்தை உற்று நோக்கி, முக்குடையா, ஐந்தலை நாகமா, அருகில் நிற்போர் இயக்கரா என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்தறியும் கண் அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் தமிழர் வளர்த்த அழகுக் கலைகளைப் பற்றி ஒரு தனிநூலே இயற்றினார்.

நீதிக்கட்சியின் திராவிடன் நாளிதழில் சிறிது காலம் பணியாற்றிய பின், மயிலாப்பூரில் நகராண்மைக் கழகத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியரானார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் சிறுவர்க்கு எழுத்தறிவித்து 1955-இல் ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகப் பட்டமோ பேராசிரியர் பதவியோ அவரிடம் இல்லை. பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதுகளும் விடுமுறை நாட்களுமே அவருக்கு ஆராய்ச்சிக் காலம். நூலகங்களில் தொல்பொருள் துறையின் அறிக்கைகளைப் படித்தார். வட்டெழுத்து முதலிய பழைய எழுத்துகளைப் பயின்றார். கன்னடம், மலையாளம் முதலிய மொழிகளையும் அறிந்துகொண்டார். குகைகளையும் கோயில்களையும் நேரிற் சென்று கண்டார்.

மூன்று சமயங்களும் ஒரு தமிழும்

மயிலாப்பூரில் பிறந்தவர்க்குப் பல சமயங்களின் நெருக்கம் இயல்பாகவே அமையும். ஒருபுறம் கபாலீச்சரம், மறுபுறம் சாந்தோம் தேவாலயம், இரண்டுக்கும் இடையே மறைந்துபோன நேமிநாதர் ஆலயத்தின் நினைவு. ஒவ்வொரு சமயமும் தமிழுக்கு என்ன தந்தது என்ற வினாவை எடுத்துக்கொண்டு அவர் 1936-இல் கிறித்தவமும் தமிழும் என்ற நூலை வெளியிட்டார். 1940-இல் பௌத்தமும் தமிழும் வெளிவந்தது. இவ்விரண்டுக்கும் பின்னர் நீண்டகால உழைப்பின் பயனாக 1954-இல் சமணமும் தமிழும் வெளிவந்தது. சைவ நூல்களைப் பரப்புவதற்கென்றே தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இந்நூலை வெளியிட்டது என்பது நினைவுகூரத் தக்கது.

அதற்கு முன்பே உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணப் பெரியோரிடம் சமயச் செய்திகளைக் கேட்டறிந்து 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்திருந்தார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் தமிழிலுள்ள சமண இலக்கியங்களைப் பற்றி 1941-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியிருந்தார். அவர்கள் பணி பெரும்பாலும் ஏடுகளையும் இலக்கியங்களையும் சார்ந்தது. வேங்கடசாமியார் அவற்றோடு கல்வெட்டு, சிற்பம், குகை, ஊர்ப்பெயர், விழா, வழக்குச்சொல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே வைத்து, எழுத்தறிந்த எவரும் படித்துணரக்கூடிய எளிய தமிழில் எழுதினார். தமிழ்ச் சமணர் அல்லாத தமிழ் மக்களுக்குச் சமணர் தம் முன்னோரின் ஒரு பகுதியினர் என்பதை உணர்த்தியது இந்நூல்.

எழுதாதவரின் வாழ்வை எழுதுதல்

முனிவர்களின் அன்றாட வாழ்வை எழுதுவதில் பெரியதோர் இடர்ப்பாடு உண்டு. பற்றறுத்தவர்கள் தம்மைப் பற்றி எழுதி வைப்பதில்லை. நூல் இயற்றிய முனிவர்கள்கூடத் தம் குருவின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டனர். தாம் உறங்கிய இடத்தையோ உண்ட உணவையோ அவர்கள் பதிவு செய்யவில்லை. மயிலாப்பூரில் இருந்தது போன்ற ஆலயங்களும் பள்ளிகளும் அழிந்தபோது, அங்கு வாழ்ந்தோரின் வாழ்வும் நினைவிலிருந்து அகன்றது.

இந்நிலையில் வேங்கடசாமியார் சிதறிக் கிடந்த நால்வகைச் சான்றுகளை ஒன்றுசேர்த்தார். முதலாவது, மலைக்குகைகளில் வெட்டப்பட்ட கற்படுக்கைகள். இரண்டாவது, அவற்றின் அருகிலும் பள்ளிகளிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள். மூன்றாவது, துறவொழுக்கத்தை வகுத்துரைக்கும் சமண நூல்கள். நான்காவது, சமணரை எதிர்த்தவர்கள் பாடிய பாடல்கள். இந்நான்காவது சான்றைப் பலர் வருத்தத்தோடு ஒதுக்கிவிடுவர். பகைவரின் இகழ்ச்சியிலும் கண்ணாற் கண்ட உண்மை பொதிந்திருக்கும் என்பதால் அவர் அதனை ஒதுக்கவில்லை. நீராடாமை, பல் துலக்காமை, தலைமயிரைக் கையாற் பறித்தல், நின்றுகொண்டே உண்ணுதல், ஆடையின்மை, பாயும் பீலியும் குண்டிகையும் கொண்டு திரிதல் என்று எதிர்ப்பாளர் எள்ளி உரைத்தவை அனைத்தும் முனிவர்க்குரிய மூலகுணங்களோடும் அவர்கள் கைக்கொண்ட பொருள்களோடும் பொருந்துகின்றன. எள்ளியவர்கள் தம்மை அறியாமலேயே, ஏழாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு முனிவர்கள் தம் விரதங்களை வழுவாது காத்தனர் என்பதற்குச் சாட்சி கூறியிருக்கின்றனர்.

மலைப்பள்ளியில் ஒரு நாள்

துறவொழுக்கத்தையும் இல்லற ஒழுக்கத்தையும் வேங்கடசாமியார் தனித்தனியே விளக்கினார். முனிவர்க்கு மூலகுணங்கள் இருபத்தெட்டு. கொல்லாமை முதலிய மாவிரதங்கள் ஐந்து. நடத்தல், பேசுதல், உண்ணுதல், பொருளை எடுத்து வைத்தல், கழிவகற்றல் ஆகியவற்றில் உயிர்க்குத் தீங்கு நேராமல் காக்கும் சமிதிகள் ஐந்து. ஐம்புலன்களை அடக்குதல் ஐந்து. நாள்தோறும் தவறாது செய்ய வேண்டிய ஆவசியகங்கள் ஆறு. இவற்றோடு தலைமயிர் களைதல், ஆடையின்மை, நீராடாமை, தரையில் உறங்குதல், பல் துலக்காமை, நின்று உண்ணுதல், ஒரு பொழுது உண்ணுதல் ஆகிய ஏழு. நூலில் எண்களாக நிற்கும் இவ்விதிகளைக் குகைகளின் அமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால், பழைய முனிவரின் ஒரு நாள் கண்முன் தோன்றும்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்று வழங்கும் இயற்கைக் குகையில் பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் சற்றே உயர்த்தித் தலையணை போலச் செதுக்கப்பட்டவை. விரிப்பு ஏதும் இல்லாமல், ஒரே பக்கமாகச் சாய்ந்து, இரவில் சிறிது பொழுது மட்டும் உறங்குவது முனிவர் வழக்கம். பல குகைகளில் மழைநீர் உள்ளே வழியாதபடி முகப்புப் பாறையில் விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். அருகில் சுனை இருக்கும். குகையை அவர்கள் வேண்டிப் பெற்றதில்லை. இல்லறத்தார் செதுக்கிக் கொடுத்தனர். சித்தன்னவாசலில் உள்ள பழைய பிராமி எழுத்து, ஒரு முனிவர்க்கு இருக்கை செய்தளித்தவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. புகழூரில் யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய அமணர்க்குச் சேர அரசகுமாரன் கல்லுறையுளை அமைத்துக் கொடுத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. வேங்கடசாமியார் இத்தகைய பிராமி எழுத்துகளைத் தம் முதுமைக் காலத்திலும் ஆராய்ந்து எழுதினார்.

இவ்விடங்களின் அமைப்பும் கருதத் தக்கது. ஊரின் ஆரவாரம் எட்டாத தொலைவு. ஆயினும் காலையில் நடந்து சென்று உணவேற்று வெயில் முதிர்வதற்குள் திரும்பக்கூடிய தொலைவு. பொழுது புலர்வதற்கு முன் எழுந்து, இரவில் தம்மை அறியாமல் நேர்ந்த பிழைகளுக்கு வருந்திப் பிரதிக்கிரமணம் செய்வர். சாமாயிகத்தில் அமர்வர். இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் துதிப்பர். ஒளி நன்கு பரந்த பிறகே நடப்பர். இருளில் நடந்தால் சிற்றுயிர் மிதிபடும். நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியபடி செல்வர். அமரும் இடத்தை மயிற்பீலியால் மெல்ல நீவிய பின்னரே அமர்வர். பீலி உயிர் காக்கும் கருவி. குண்டிகை தூய்மைக்குரிய நீர்க்கலம். அதற்கு மேல் அவர்களுக்கு உடைமை என்று கூறத்தக்கது அறிவு தரும் ஏடு மட்டுமே.

உணவு ஒரு நாளில் ஒரு முறை. முறைப்படி எதிர்கொண்டு வரவேற்கும் இல்லத்தின் முன் நின்றபடியே, இரு கைகளையும் சேர்த்துக் கலமாக்கி ஏற்பர். உணவில் மயிரோ உயிரோ தென்பட்டால் அத்துடன் கையை விடுவர். மறுநாள் வரை நீரும் இல்லை. சுவையை நாடாமல், உடல் தவத்துக்குத் துணை நிற்கும் அளவுக்கே உண்பர். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவர். புல்லும் புழுவும் பெருகும் அந்நாட்களில் வழிநடை உயிர்க்கொலையாகும். மற்றக் காலங்களில் ஓரூரில் நெடுநாள் தங்கார்.

பிற்பகலில் ஓதுதலும் ஓதுவித்தலும் நிகழும். இப்பகுதியில் வேங்கடசாமியார் தம் ஆசிரிய வாழ்வோடு நெருங்கிய ஒரு செய்தியை வற்புறுத்தினார். பள்ளி என்னும் சொல் முதலில் முனிவர் தங்கிய இடத்தைக் குறித்தது. அங்கே ஊர்ச் சிறுவர் வந்து எழுத்துக் கற்றதனால், கல்வி கற்கும் இடம் அனைத்துக்கும் பள்ளி என்றும் பள்ளிக்கூடம் என்றும் பெயர் நிலைத்தது. திண்ணைப் பள்ளிகளில் சாதி சமய வேறுபாடின்றிச் சிறுவர் முதலில் சொல்லத் தொடங்கிய நமோத்து சிந்தம் என்னும் வணக்கமும் சித்தரை வணங்கும் சமண வணக்கத்தின் திரிபே. நாள்தோறும் பள்ளிக்கூடம் சென்று வந்த ஓர் ஆசிரியர், தம் தொழிலின் பெயரே சமண பௌத்த முனிவர்களின் கொடை என்று எடுத்துரைத்தது பொருத்தமானதே.

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நான்கு தானங்களே தமிழ் மக்கள் உள்ளத்தில் சமணம் வேரூன்றக் காரணமாயின என்பது அவர் கண்ட முடிவு. உணவளிப்பது இல்லறத்தாரின் கடமை. அடைக்கலம் புகுந்தோரை ஏற்கும் இடங்களாகப் பள்ளிகள் இருந்தன. மருந்தும் கல்வியும் பள்ளியிலிருந்து ஊருக்குச் சென்றன. சித்த மருத்துவரின் மகனாகிய அவர்க்கு, மருந்தை விலை பெறாமல் வழங்குவதன் அருமை புதிதன்று.

பள்ளிகளில் நூல்களும் எழுந்தன. இன்றைய கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் அக்காலத்தில் பாடலி எனப்பட்டது. அங்கிருந்த சமணப் பள்ளியில் சர்வநந்தி என்னும் முனிவர், காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், சகம் 380-இல், அதாவது கி.பி. 458-இல், உலகின் அமைப்பைக் கூறும் லோகவிபாகத்தை எழுதி முடித்தார். நாளொன்றுக்கு ஒரு பொழுது உண்டு, வெறுந்தரையில் உறங்கியவர்கள் விண்ணையும் மண்ணையும் அளந்து கணக்கிட்டனர். அதே நூற்றாண்டில், 470-இல், வச்சிரநந்தி மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார்.

குரத்தியரும் வடக்கிருந்தோரும்

துறவு ஆடவர்க்கு மட்டும் உரியதன்று. குரத்தியர் என்று கல்வெட்டுகள் குறிக்கும் பெண்பால் துறவிகளின் பெயர்களை வேங்கடசாமியார் தேடித் தொகுத்தார். கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செய்வித்தோர் வரிசையில் குரத்தியர் பலர் இருக்கின்றனர். வந்தவாசியை அடுத்த வேடல் கல்வெட்டு இன்னும் நெருங்கிய காட்சியைத் தருகிறது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தில், கனகவீரக் குரத்தியார் நூற்றுக்கணக்கான மாணாக்கியரோடு அங்கே இருந்தார். பள்ளியில் இரு சாராரிடையே பிணக்கு உண்டாயிற்று. அப்போது ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு கல்லில் எழுதி வைத்தனர். துறவோர் பள்ளியிலும் மனிதர்க்கு இயல்பான வேறுபாடு தோன்றியது. இல்லறத்தார் அதனை வளரவிடாமல், பசித்தவர்க்கு உணவு தவறாதபடி காத்தனர். சாவகரும் சாவகியரும் இல்லையேல் முனிவர் இல்லை என்ற உண்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முனிவரின் முடிவும் அவர் வாழ்வைப் போன்றதே. மேல்சித்தாமூருக்குத் தொலைவில்லாத செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரரின் உருவங்கள் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே வட்டெழுத்தின் மிகப் பழைய வடிவத்தில் அமைந்த கல்வெட்டொன்று, சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த நிசீதிகை அது என்று அறிவிக்கிறது. அதே குன்றில் இளையபட்டாரர் முப்பது நாள் நோன்பிருந்து முடிவெய்தியதைக் கூறும் கல்வெட்டும் உண்டு. ஓர் ஆசிரியரின் பெயர், நோன்பின் நாட்கணக்கு, இடம் என்னும் மூன்றையன்றி அதில் வேறு புகழ்மொழி இல்லை. இத்தகைய சிறு கல்வெட்டுகளே முனிவர்கள் தமக்கென விட்டுச் சென்ற முழு வரலாறு.

மயிலைப் பெருமானும் பிற ஆய்வுகளும்

தம் ஊராகிய மயிலையின் நேமிநாதரை வேங்கடசாமியார் மறக்கவில்லை. சமணத் திருப்பதிகளை மாவட்டந்தோறும் வரிசைப்படுத்தியபோது சென்னை மயிலாப்பூரையும் சேர்த்து, சாந்தோம் கல்வெட்டையும் இலக்கியச் சான்றுகளையும் காட்டி, அங்கே நேமிநாதர் ஆலயம் இருந்ததை நிறுவினார். மயிலை நேமிநாதர் பதிகத்தையும் வெளியிட்டார். போர்ச்சுகீசியர் குடியேற்றமும் கடலின் சீற்றமும் மாற்றியமைத்த கரையில், நேமிநாதரின் இடத்தை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியமை தமிழ்ச் சமணர்க்கு அவர் செய்த தனிப்பெரும் தொண்டு.

மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், மூன்றாம் நந்திவர்மன் ஆகிய பல்லவ வேந்தர்களைப் பற்றியும் அவர் நூல்கள் எழுதினார். அருச்சுனன் தவம் என்றும் பகீரதன் தவம் என்றும் வழங்கிய மாமல்லபுரத்துப் பெருஞ்சிற்பம், அஜிதநாதர் காலத்துச் சகர சக்கரவர்த்தியின் மைந்தர் வரலாற்றைக் காட்டும் சமணச் சிற்பமே என்று 1950-இல் ஒரு நூல் வெளியிட்டார். அறிஞர் பலர் இக்கருத்தை ஏற்கவில்லை. களப்பிரர் காலத்தைப் பற்றிய அவர் முடிவுகளிலும் மாறுபட்டோர் உண்டு. தாம் கண்டதைச் சான்றோடு கூறுவதும், மறுப்போர் கூற்றுக்கு இடமளிப்பதும் அவர் இயல்பு. தீபாவளி, மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறடைந்த விடியற்காலையை விளக்கேற்றிப் போற்றிய நாளே என்றும், அது பின்னர்ப் பிறராலும் கொண்டாடப்பெற்றது என்றும் அவர் எழுதியது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. சமணர்க்கும் சைவர்க்கும் இடையே நிகழ்ந்த சமயப் போரை எழுதும்போதும் அவர் ஒரு சாராரைத் தூற்றவில்லை. நிகழ்ந்ததை மறைக்கவும் இல்லை.

அழிந்த நூல்களுக்காக அவர் வருந்தினார். உரையாசிரியர்களும் தொகைநூலாசிரியர்களும் எடுத்தாண்ட சிதறிய செய்யுட்களிலிருந்து, மறைந்துபோன தமிழ் நூல்களின் பெயர்களையும் பகுதிகளையும் திரட்டி ஒரு நூலாக்கினார். வளையாபதி, சாந்தி புராணம், நாரத சரிதை போன்ற சமண நூல்கள் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. ஒரு வீட்டுப் பரணில் கிடந்த ஓர் ஏட்டைப் பேணாததனால் ஒரு காப்பியம் உலகிலிருந்து மறைந்துவிடக் கூடும் என்பதை அந்நூலின் ஒவ்வொரு பக்கமும் உணர்த்துகிறது.

எளிய வாழ்வும் இறுதியும்

வேங்கடசாமியாரின் வாழ்வு எளிமையானது. எழுத்தால் பெருஞ்செல்வம் சேரவில்லை; அதனை அவர் நாடவும் இல்லை. உடைமை குறைந்து நூல்கள் நிறைந்த வீட்டில், ஆசிரியர்க்குக் கிடைத்த சிறிய ஊதியத்திலும் ஓய்வூதியத்திலும் வாழ்ந்தார். பாவேந்தர் பாரதிதாசன் அவருடைய தமிழ்ப்பணியைப் பாடலால் போற்றினார். 1961-இல் சென்னையில் அவருக்கு மணிவிழா நடைபெற்றது. வயது முதிர்ந்த பின்னும் துளுநாடு, கொங்குநாடு, களப்பிரர் ஆட்சி முதலியவற்றைப் பற்றி நூல்கள் எழுதிக்கொண்டேயிருந்தார். 1980-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் காலமானார். பின்னாளில் தமிழ்நாட்டரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது.

அவர் துறவி அல்லர். சமண விரதம் ஏற்றவரும் அல்லர். எனினும் மிகையான பொருளை நாடாமை, ஓயாத ஓதல், கற்றதைப் பிறர்க்கு வழங்குதல் என்னும் பண்புகளால் தாம் எழுதிய முனிவர்களின் அருகில் நிற்கத் தகுதி பெற்றார். நான்கு தானங்களுள் சாத்திர தானத்தை அவர் தமிழ்ச் சமணர்க்கே செய்தார். தம் முன்னோர் யார், எங்கே வாழ்ந்தனர் என்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கேட்டால், விடையாக எடுத்துக் கொடுக்கத் தமிழில் ஒரு நூல் கிடைத்தது.

அந்நூல் வெளிவந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அவர் பட்டியலிட்ட குன்றுகளுள் சில கல்லுடைப்பால் நலிந்தன. சில படுக்கைகளின் மேல் வழிப்போக்கர் தம் பெயரைக் கீறி வைத்தனர். சில இடங்களில் திருவுருவங்கள் வேறு தெய்வப் பெயர் பெற்று வழிபடப்படுகின்றன. கடல் கொண்ட சாந்தோம் ஆலயத்தை மீட்க எவராலும் இயலாது. எஞ்சிய கற்படுக்கைகளையும் கல்வெட்டுகளையும் வீட்டுப் பரண்களில் உறங்கும் ஏடுகளையும் காப்பது இன்றுள்ள குடும்பங்களால் இயலும். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருநாதர்குன்றுக்கோ சித்தன்னவாசலுக்கோ செல்லும் குடும்பம், ஒரு முனிவர் உறங்கிய கல்லின் அளவைக் கண்ணால் காணும். மேல்சித்தாமூரில் நேமிநாதரை வணங்கும் குடும்பம், அப்பெருமான் எங்கிருந்து வந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவ்விடத்து வரலாற்றைத் தேடித் தந்த மயிலாப்பூர்ப் பள்ளி ஆசிரியரின் பெயரையும் அத்துடன் சேர்த்துச் சொல்வது நன்றி மறவாமையாகும்.